மொட்டை மாடிக் கல்லில் பூத்த உப்பு

சேகருக்கு,

நலம், நலமறிய ஆவல் என்றுதான் எப்போதும் ஆரம்பிப்பேன். இந்தத் தடவை அதை விட்டுவிடுகிறேன். உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. மெட்ராசுக்கு மாற்றலாகி மருமகளோடு வருகிறாய், நம் வீட்டு மாடிப் போர்ஷனிலேயே இருக்கப் போகிறாய் என்று படித்ததும் உன் அம்மா மந்தைவெளி முழுக்கச் சொல்லிவிட்டு வந்துவிட்டாள். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறாய். மொட்டை மாடியில் இருக்கிற சிமெண்ட் கற்களைப் பெயர்த்துவிட்டு வேறு ஏதாவது போட்டுக்கொள்ளலாம், எனக்கு அந்தக் கற்களைப் பிடிக்காது என்று. நான் ஒரு சந்தேகப் பிராணி என்பது உனக்குத் தெரியும். அந்த வரியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். கல் மேல் ஒருவனுக்கு என்ன கோபம்? பதினோரு வருஷமாக நீ அந்த மொட்டை மாடிக்கு ஏறியதே இல்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தேன். காரணம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இந்தக் கடிதத்தில் அதைச் சொல்லிவிடப் போகிறேன். முதலில் கற்களைப் பற்றிச் சொல்கிறேன், அதுதான் எனக்குச் சுலபமாக வரும்.

கற்களைப் பெயர்க்காதே. எனக்கு முழங்கால் வலி, முன்போல மாடி ஏற முடியவில்லை. இனிமேல் நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஐப்பசி மழைக்கு முன்னால் தண்ணீர் இறங்கும் குழாயின் வாயில் கையை விட்டுப் பார். மேலே பார்த்தால் சுத்தமாக இருக்கும், நம்பாதே. எதிர்வீட்டு வாதாம் இலை உள்ளே போய்ச் சுருண்டு உட்கார்ந்திருக்கும். மழை விட்டதும் வடக்குப் பக்கச் சுவர் ஓரம் பாசி பிடிக்கும். அதற்கு பிளீச்சிங் பவுடரைத் தண்ணீரில் கரைத்து ஊற்றி, ஒரு மணி நேரம் ஊறவிட்டு, கட்டைத் துடைப்பத்தால் தேய்த்தால் போதும். ஆசிட் ஊற்றினால் பளிச்சென்று ஆகும் என்று எவனாவது வந்து சொல்வான். ஆசிட் சிமெண்டைத் தின்றுவிடும், அப்புறம் கல்லின் மேல்தோல் உரிந்து பருக்கை பருக்கையாக வரும். இரண்டு கல்லுக்கு நடுவில் இருக்கிற சந்தைக் குனிந்து பார்த்துக்கொண்டே இரு. காக்கை போட்ட எச்சத்திலிருந்து அரசங்கன்று முளைக்கும். இரண்டு இலை விட்டபோதே பிடுங்கிவிடு, பாவம் பார்த்தால் வேர் கூரைக்குள் இறங்கிவிடும். சித்திரையில் எங்காவது ஒரு கல்லை நெம்பி எடுத்து அடியில் ஈரம் இருக்கிறதா என்று பார். எந்தக் கல் என்று முன்கூட்டி யாரிடமும் சொல்லாதே. சிரிக்காதே, நான் அப்படித்தான் செய்துவந்தேன்.

அந்தக் கற்களை நம் வீட்டுக் கொல்லையிலேயே வார்த்தோம். உனக்கு அப்போது பன்னிரண்டு வயது. மாடிப் போர்ஷன் வெயிலில் அடுப்பாகக் காய்கிறது, மேலே கல் பதித்தால் சூடு இறங்காது என்று மேஸ்திரி சொன்னார். மரச்சட்டத்தில் ஒன்றரை அடிச் சதுரமாக வார்த்துத் தண்ணீரில் ஊறப்போடுவது என்று ஏற்பாடு. சர்க்கார் பெர்மிட் இருந்தால்தான் சிமெண்ட் கிடைத்த காலம். மேஸ்திரி மூட்டையை எங்கே கடத்திவிடுவாரோ என்று ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு மூட்டை மேலேயே உட்கார்ந்திருந்தேன். ஆற்று மணல் லாரியில் வந்தது. குவியல் உயரமாக இருந்ததே எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பிவிட்டது, இவன் ஏன் இவ்வளவு உயரமாகக் குவித்திருக்கிறான் என்று. லாரியைத் திருப்பி அனுப்பிவிட்டேன். மேஸ்திரி தலையில் கையை வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை ஒரு மாட்டு வண்டி வாசலில் நின்றது. வண்டிக்காரன் கீழேகூட இறங்கவில்லை. "இன்னா நைனா, லாரிய அனுப்பிச்சிட்டியாமே? நல்ல வேலை பண்ண. மேல மணலு, அடில களிமண்ணு, அவனுங்க பொழப்பே அதான். இது பாலாத்து மணலு, கழுவி எத்தாந்தது. தொட்டுப் பாரு" என்றான். என் வாழ்க்கையில் ஒருவனை உடனே நம்பினேன் என்றால் அது அவனைத்தான். ஏன் தெரியுமா? நான் நினைத்ததையே அவன் சொன்னான். சந்தேகப்படுகிறவனை ஏமாற்ற அதுதான் வழி, அவனோடு சேர்ந்து இன்னொருவனைச் சந்தேகப்பட்டால் போதும். வண்டி கிழக்கே பட்டினப்பாக்கம் பக்கமிருந்து வந்தது. பாலாற்று மணல் சமுத்திரக் கரையிலிருந்து எப்படி வரும் என்று நான் கேட்கவில்லை. மேஸ்திரி மணலைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார். உமக்கு லாரிக்காரனிடம் கமிஷன் போயிற்றே என்ற ஆத்திரமா என்று கேட்டேன். அவர் மணலைக் கீழே உதறிவிட்டு மரச்சட்டத்தை எடுக்கப் போய்விட்டார்.

அந்த மணல் குவியலில் நீ விளையாடினாய். ஒரு சாயங்காலம் தீப்பெட்டி நிறையக் குட்டிக் குட்டிச் சிப்பிகளைக் கொண்டுவந்து என்னிடம் காட்டினாய். "மணல்ல இருந்துச்சுப்பா" என்றாய். நான் என்ன செய்தேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். சொல்லாமல் கொள்ளாமல் பீச்சுக்குப் போய்வந்துவிட்டு மணலில் கிடைத்தது என்று எனக்கே காது குத்துகிறாயா என்று காதைத் திருகினேன். தீப்பெட்டியைப் பிடுங்கித் தெருவில் எறிந்தேன். நீ அழுதுகொண்டே மணலில்தான், மணலில்தான் என்றாய். அன்றைக்கு உன் பேச்சைக் கேட்டிருந்தால் இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது.

கல் பதித்து முடிந்து ஆவணியில் சங்கரபாண்டி குடும்பம் மாடிக்குக் குடி வந்தது. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், தி.நகரில் ஜவுளிக்கடையில் வேலை. நாம் சைவம், அவர்கள் அப்படி இல்லை. உன் அம்மாதான், பார்த்தால் நல்லவர்களாகத் தெரிகிறது, கொடுக்கலாம் என்றாள். இந்த வீட்டுக்குள் மீன், கறி வாசனையே வரக்கூடாது என்று நான் மூன்று தடவை சொல்ல, அவர் மூன்று தடவையும் "சரிங்கய்யா" என்றார். மூன்றாவது தடவைகூட அவருக்கு ஏன் கோபமே வரவில்லை என்று அதையும் நான் மனதில் குறித்துவைத்துக்கொண்டேன். அவர் மகன் வேலுவுக்கு உன் வயது. இரண்டு பேரும் ஒரே வகுப்பு. வந்த ஒரு வாரத்தில் நீங்கள் இரண்டு பேரும் மொட்டை மாடியே கதி என்று கிடந்தீர்கள். ஒரு கல்லில் சாக்பீஸால் கட்டம் போட்டு ஆடுபுலி ஆடுவீர்கள், கல்லை அழுக்காக்குகிறீர்கள் என்று நான் கத்துவேன், வேலு உடனே சட்டையால் துடைப்பான்.

மழைக்காலம் முடிந்தது. தை மாதம் ஒரு நாள் விடிகாலையில் மேலே போனேன். கிழக்குப் பக்கம், சங்கரபாண்டியின் மனைவி பேச்சியம்மாள் மிளகாய் காயவைக்கிற இடத்தில், கல் மேல் வெள்ளையாக எதுவோ படர்ந்திருந்தது. விரலால் தொட்டேன், மாவு மாதிரி ஒட்டியது. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மண்டியிட்டுக் குனிந்து கல்லை நாக்கால் நக்கிப் பார்த்தேன். உப்பு. அந்த நேரத்தில் பட்டினப்பாக்கத்திலிருந்து காற்று வீசியது. மீன் வாசனை. எத்தனையோ வருஷமாக அதே காற்று, அதே வாசனை, அன்றைக்கு மட்டும் அது நம் மாடியிலிருந்து வருவதாக எனக்குத் தோன்றியது. ஒரு பூனை வேறு கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்தது. உப்பு, வாசனை, பூனை. கருவாடு காயப்போடுகிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டேன். மணலை நக்கிப் பார்க்காதவன் கல்லை நக்கிப் பார்த்துவிட்டுத் துப்பறிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

அடுத்த பதினைந்து நாள் நான் செய்த காரியங்களை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டுப் பூனை மாதிரி நானும் ஏறுவேன். அந்த அம்மாள் தினமும் அந்த இடத்தில் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றித் துடைப்பத்தால் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவக் கழுவ வெள்ளை அதிகமாகிக்கொண்டே போயிற்று. ஒன்றுமில்லை என்றால் எதற்காக தினமும் கழுவ வேண்டும், எதை மறைக்கிறாள் என்று என் புத்தி போயிற்று. பாவம், வீட்டுக்காரரின் புதுக்கல் வெளுத்துப் போகிறதே என்று பயந்து கழுவியிருக்கிறாள். தண்ணீர் ஊற்றினால் உள்ளே இருக்கும் உப்பு கரைந்து, காயும்போது மேலே வந்து பூக்கும் என்பது அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

பிறகு உன்னைக் கூப்பிட்டேன். இதை எழுதத்தான் இத்தனை தூரம் சுற்றி வளைத்து வந்திருக்கிறேன். "மாடியில கருவாடு காயவச்சிருந்தாங்களா?" என்று கேட்டேன். நீ இல்லை என்றாய். நண்பனுக்காகப் பொய் சொல்கிறாயா என்றேன். நீ இல்லை என்றாய். மூன்றாவது தடவை உன் காதைப் பிடித்தபடி, "பொய் சொல்லாம சொல்லு. அங்க எதுவும் காயவே இல்லையா?" என்று கேட்டேன். நீ, "ஏதோ காஞ்சிட்டிருந்துச்சுப்பா" என்றாய். அவ்வளவுதான் நீ சொன்னது. அந்த அம்மாள் தினமும் மிளகாயும் சுண்டைக்காயும் காயப்போடுகிறாள், ஏதோ காயத்தான் செய்யும். நான் உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மாடி ஏறினேன். சங்கரபாண்டி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார், வேலு பக்கத்தில் புத்தகப் பையோடு நின்றான். "கருவாடு காயவச்சத என் பையனே கண்ணால பாத்திருக்கான். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

சங்கரபாண்டி உன்னைப் பார்த்தார். நீ தரையைப் பார்த்தாய். அந்த மனுஷர் என்னோடு வாதாடவே இல்லை. "பிள்ளைய நடுவுல நிறுத்தாதீங்கய்யா. நாங்க போயிடுதோம்" என்றார். பேச்சியம்மாள் மட்டும் உள்ளேயிருந்து, "எம்மா சத்தியமா ஒண்ணும் காயப்போடலைய்யா" என்று அழுதாள். அழுகிறாளே, அப்படியானால் குற்றம் செய்திருக்கிறாள் என்று நினைத்தேன். அழாமல் இருந்திருந்தால் அதையும் குற்றத்துக்கு அடையாளமாகத்தான் எடுத்துக்கொண்டிருப்பேன். முழுப் பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது அவர்கள் காலி செய்தார்கள். திருவல்லிக்கேணியில் இடம் கிடைத்ததாம், வேலு பள்ளிக்கூடம் மாறினான். கைவண்டியில் சாமான் ஏற்றியபோது நீ வாசலுக்கு வரவில்லை. பையனுக்கே அவர்களைப் பிடிக்காமல் போய்விட்டது என்று உன் அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

அதிலிருந்து நீ மொட்டை மாடிக்கு ஏறவில்லை. காற்றாடி விட ஏறவில்லை, தீபாவளிக்கு ஏறவில்லை. அதைவிட இன்னொன்று நடந்தது. நான் எதைக் கேட்டாலும், பால்காரன் வந்தானா, தபால் வந்ததா, வாசலில் யார் நின்றது என்று எது கேட்டாலும், "கவனிக்கலைப்பா" என்று சொல்ல ஆரம்பித்தாய். என்னடா இவன் குருடனா என்று திட்டியிருக்கிறேன். கல்யாணத்துக்குப் பெண் பார்த்துவிட்டு வந்து பெண் எப்படி இருக்கிறாள் என்று கேட்டதற்குக்கூட அதே பதில். உன் அம்மா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண்டதைக் கண்டபடி சொல்லுகிற பிள்ளையாக இருந்த உன்னை இப்படி ஆக்கியது யார் என்று எனக்கு அப்போது நன்றாகவே தெரியும்.

எப்படித் தெரியும் என்று கேட்பாய். மூன்று வருஷத்துக்கு முன்னால் மாடிக் கூரையில் கசிவு வந்து, கிண்டியிலிருந்து ஒரு கொத்தனாரை வரவழைத்தேன். அவர் கிழக்கு ஓரத்தில் ஒரு கல்லைப் பெயர்த்தார், அது பொறை பிஸ்கோத்து மாதிரி உடைந்தது. உடைந்த இடத்தை என் கண் முன்னால் நீட்டினார். உள்ளே சின்னச் சின்னச் சிப்பி. "இன்னா சார் இது, கடல் மணல்ல கல்லு வார்த்துகீறீங்க. இது உப்பு பூக்காம மல்லிப்பூவா பூக்கும்? வெறும் தண்ணி பட்டாலே பூத்துக்கினுதான் இருக்கும்" என்றார். எனக்கு முதலில் ஞாபகம் வந்தது உன் தீப்பெட்டிதான். இருந்தாலும் நான் நானாயிற்றே, கொத்தனார் வேலை பிடிக்கப் பொய் சொல்கிறாரோ என்று அவரையும் சந்தேகப்பட்டேன். உடைந்த துண்டு ஒன்றை ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்துத் துடைத்து, பீரோ மேல்தட்டில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். உன் அம்மாவுக்குக்கூடச் சொல்லவில்லை. தினமும் திறந்து பார்ப்பேன். ஆறாம் நாள் காலை வெள்ளையாகப் பூத்திருந்தது. பூட்டிய பீரோவுக்குள் யார் வந்து கருவாடு காயவைத்திருக்க முடியும்?

அன்றைக்கே உனக்கு எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. நீ மறந்திருப்பாய், கிளறுவானேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்று வருஷம். இப்போது உன் கடிதத்தில் அந்த ஒரு வரி வந்ததும், நீ மறக்கவில்லை என்று தெரிந்துவிட்டது. போன வாரம் பஸ் ஏறி தி.நகர் போனேன். அதே கடை. சங்கரபாண்டிக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது, இப்போது பட்டுப் புடவைப் பகுதிக்கு அவர்தான் பெரியவர். வெள்ளை மெத்தையில் உட்கார்ந்திருந்தவர் என்னைக் கண்டதும் எழுந்துவிட்டார். "வாங்கய்யா, யாருக்குப் பாக்கணும்? அம்மாவுக்கா?" என்றார். பஸ்ஸில் வரும்போது என்னென்னவோ யோசித்து வைத்திருந்ததை எல்லாம் விட்டுவிட்டு, "நீங்க கருவாடு காயப்போடல" என்றேன். பக்கத்தில் புடவை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"இல்லய்யா" என்றார் அவர், நிதானமாக.

"கல்லுதான் உப்புப் பூத்திருக்கு. கடல் மணல். நான்தான் வாங்கினேன்."

"தெரியும்யா. எங்க ஊர்ல உப்பளத்துப் பக்கம் கட்டுன வீட்டுச் சுவரெல்லாம் இப்படித்தான் பூக்கும். மொத நாளே எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நம்பியிருப்பீங்களாய்யா?"

அவர் குத்திக் காட்டுவதற்காகக் கேட்கவில்லை, உண்மையாகவே பதிலுக்குக் காத்திருந்தார். நான் இல்லை என்று தலையாட்டினேன். தப்பு பண்ணிவிட்டேன் என்றேன். அவர் எனக்கு உட்கார இடம் கொடுத்துவிட்டு உன்னைப் பற்றிக் கேட்டார். கல்யாணமாகிவிட்டது, மாற்றலாகி வருகிறான் என்றேன். அப்போது அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு வார்த்தை கூட்டவில்லை: "அன்னைக்கு அவன் மொகம் செத்துப்போச்சுய்யா. வேலு ரொம்ப நாள் கேட்டுக்கிட்டே இருந்தான், சேகர் ஏம்ப்பா அப்படிச் சொன்னான்னு. சேகர் எங்கலே சொன்னான், அவன் வாயவே தெறக்கலையே, சொன்னது அவங்கப்பால்லான்னு சொன்னேன். பொறவு அவன் கேக்கல."

படித்துவிட்டாயா? இன்னொரு தடவை படி. நீ பொய் சொல்லவில்லை. ஏதோ காய்ந்துகொண்டிருந்தது என்றாய், காய்ந்துகொண்டுதான் இருந்தது. மணலில் சிப்பி இருக்கிறது என்றாய், இருந்தது. இரண்டு தடவையும் நீ பார்த்தது சரி, இரண்டு தடவையும் நான்தான் உன் காதைத் திருகினேன். வேலுவை விரட்டியது உன் வாய் இல்லை. பதினோரு வருஷமாக அந்தப் பழியை நீ சுமக்கிறாய் என்று தெரிந்தும் பார்த்துக்கொண்டிருந்தேனே, என்னை மன்னித்துவிடு என்று எழுதக்கூட எனக்குக் கூச்சமாக இருக்கிறது. எழுதிவிட்டேன்.

கிழக்குப் பக்கம் இப்போதும் தை, மாசியில் உப்புப் பூக்கும், வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டு வருகிறது. தண்ணீர் ஊற்றாதே. காய்ந்த துடைப்பத்தால் தேய்த்து, முறத்தில் அள்ளி வெளியே கொட்டிவிடு. மருமகள் எதை வேண்டுமானாலும் காயப்போடட்டும், நான் கேட்க மாட்டேன். பதினோரு வருஷம் மழையும் வெயிலும் பட்ட அந்தக் கல்லில் ஆடுபுலிக் கட்டம் இருக்கிறதா என்று கேட்காதே, இல்லை. எந்தக் கல் என்று எனக்குத் தெரியும், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மூன்றாவது.

நீ வருகிற வாரம் ஞாயிற்றுக்கிழமை சங்கரபாண்டி குடும்பத்தைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறேன். "வாரோம்யா" என்றார். வேலுவும் வருகிறானாம். மொட்டை மாடியில் பாய் போட்டுச் சாப்பாடு என்று உன் அம்மா முடிவு செய்துவிட்டாள், இப்போதே அப்பளம் இட ஆரம்பித்துவிட்டாள். அன்றைக்கு நான் கீழேயே இருந்துகொள்கிறேன், முழங்கால் வலி, படி ஏற முடியாது என்று அவளிடம் சொல்லிவைத்திருக்கிறேன். "கபாலி கோயிலுக்குப் போறப்ப மட்டும் இந்த வலி எங்கங்க போகுது?" என்று கேட்கிறாள். உன்னிடமும் அதையேதான் சொல்வேன். பேச்சியம்மாள் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று தெரியாமல்தான் சொல்வேன். நீ நம்பாதே. கீழே வந்து, என் கையைப் பிடித்து மேலே இழுத்துக்கொண்டு போ.

அப்பா